கோடைப் பயணமும் குளிர்ப் பயணமும்: கடல் கடந்த உணவு வணிகத்தில் நம் வரலாறு

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்.

சூரத்துல் குறைஷ் நான்கே வசனங்கள் கொண்ட சிறிய அத்தியாயம். மக்தபில் சேரும் நம் பிள்ளைகள் தொடக்கத்திலேயே அதை மனனம் செய்துவிடுகின்றனர். குறைஷிகள் கோடையிலும் குளிரிலும் மேற்கொண்ட வணிகப் பயணங்களை அது நினைவூட்டுகிறது. பசித்தபோது உணவும் அஞ்சியபோது பாதுகாப்பும் தந்த இறைவனை வணங்குமாறு அவர்களை அழைக்கிறது. மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. அங்கு வாழ்ந்தோரின் தட்டில் விழுந்த தானியமெல்லாம் யாரோ ஒரு வெளியூர் உழவர் விளைவித்து, யாரோ ஒரு வணிகர் சுமந்து வந்தது.

பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் இந்நிலை பெரிதாக மாறிவிடவில்லை. அரபு வளைகுடா நாடுகள் தங்கள் உணவின் மிகப் பெரும்பகுதியை இன்றும் வெளியிலிருந்தே வாங்குகின்றன. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. ஆப்பிரிக்காவின் மக்கள்தொகை 2050இல் சுமார் 250 கோடியை எட்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை கணித்துள்ளது. இவர்களுக்கு உணவளிக்கும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியா நிற்கிறது. உலகச் சந்தையில் விற்பனையாகும் அரிசியில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவிலிருந்தே செல்கிறது.

வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் இளைஞர் பலர், சேமிப்பை உணவு ஏற்றுமதியில் முதலிடலாமா என்று ஆலிம்களிடம் வந்து கேட்கின்றனர். இது வெறும் இலாபநட்டக் கேள்வி அன்று. நம் முன்னோர் இத்தொழிலில் எப்படி உயர்ந்தனர், எங்கே சறுக்கினர், மார்க்கம் இதற்கு வகுத்த எல்லை எது என்பவற்றை அறியாமல் இதற்கு விடை சொல்ல இயலாது. ஆகவே வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

மஅபர் கரையின் நாட்கள்

அரபு வணிகர் நம் சோழமண்டல, பாண்டிமண்டலக் கடற்கரையை 'மஅபர்' என்றழைத்தனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். மாறவர்மன் குலசேகர பாண்டியர் மதுரையை ஆண்ட 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காயல் துறைமுகம் அரபு, பாரசீகக் கப்பல்களால் நிறைந்திருந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அக்காலத்துக் குதிரை வணிகத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இக்கரைக்கு வந்தன என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் அவர் எழுதுகிறார். கடலில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியர் கருவூலமே விலை கொடுக்கும் என்ற ஒப்பந்தம் இருந்ததாம். அயலவருக்குக் கொடுத்த வாக்கு அந்த அளவுக்குக் காக்கப்பட்டது. பாண்டியரின் அமைச்சர்களில் ஒருவராக தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் இருந்ததையும் அவரே தெரிவிக்கிறார்.

அரை நூற்றாண்டு கழித்து, மதுரை சுல்தான்களின் ஆட்சிக் காலத்தில், இப்னு பதூதா இங்கே வந்தார். 'ஃபத்தன்' என்று அவர் குறிப்பிடும் கடற்கரைப் பட்டினத்தின் பள்ளிவாசலைப் புகழ்ந்த அதே மூச்சில், அங்கு கிடைத்த திராட்சையையும் மாதுளையையும் அவர் புகழ்கிறார். மாலத்தீவு மக்கள் சோழிகளைக் கொடுத்து வங்காளத்து அரிசியை வாங்கினர் என்ற செய்தியும் அவர் நூலிலேயே உள்ளது. அரிசி கடல் கடப்பது நேற்று முளைத்த வழக்கமன்று.

1498க்குப் பின் போர்ச்சுகீசியர் இந்துமாக்கடலுக்குள் நுழைந்தனர். தங்கள் அனுமதிச் சீட்டின்றி எக்கப்பலும் செல்லக்கூடாது என்று கட்டளையிட்டனர். அந்நெருக்கடியிலும் காயல்பட்டினம், கீழக்கரை, நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை மரக்காயர்கள் பிழைத்து நின்றனர். அரிசியையும் துணியையும் ஏற்றி இலங்கைக்கும் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் கெடாவுக்கும் சென்று, பாக்கும் மிளகும் ஈயமும் யானைகளும் கொண்டு வந்தனர். 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் அவ்வணிகர்களில் தலைசிறந்தவர். உமறுப் புலவரை ஆதரித்த பெருமை அவருடையது. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற வழக்கு, அவர் ஈட்டியதற்காக எழுந்ததன்று. ஈட்டியதைப் பிறர் பசி தீரக் கொடுத்ததற்காக எழுந்தது.

இதே வழியில்தான் நம்மவர் 1786இல் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைத்த பினாங்கிலும், பின்னர் சிங்கப்பூரிலும் வேரூன்றினர். பினாங்கில் காதிர் முகைதீன் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், அங்குள்ள நாகூர் தர்காவும் அக்காலத்தின் சாட்சிகள். தோளில் காவடி போல் சோற்றைச் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் 'நாசி கண்டார்' இன்று மலேசியாவின் தேசிய உணவுகளில் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

பசித்தவர் நாட்டிலிருந்து சென்ற தானியம்

இவ்வரலாற்றில் ஒளி மட்டும் இல்லை. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தையும் தக்காணத்தையும் தாக்கிய தாது வருடப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மதுரைச் சீமையும் தப்பவில்லை. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமைக் கப்பல்கள் சென்றுகொண்டிருந்தன. சந்தையில் அரசு தலையிடலாகாது என்பது அன்றைய ஆட்சியாளரின் கொள்கை. பசியால் ஊரைவிட்டு ஓடியவர்கள் இலங்கையின் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர்.

அப்பஞ்சத்தின் நினைவு, பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் திட்டத்துக்கு வலுச் சேர்த்தது. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து வந்த நீர் வைகையில் கலந்து, பேரணையிலிருந்து பிரியும் கால்வாய் வழியே மேலூர் வரை பாய்ந்தது. வானம் பார்த்த நிலம் நெல் விளையும் நிலமாயிற்று. நாம் வாழும் கோச்சடை வைகையின் தென்கரையில், நகரின் மேற்கு வாயிலில் உள்ளது. ஒரு தலைமுறைக்கு முன் இங்கே நெல்வயல்களைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவ்வயல்களில் பெரும்பகுதி இன்று வீட்டுமனைகளாகவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டது. ஏற்றுமதியைப் பற்றிப் பேசும்போது, விளைவிக்க நிலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வியும் உடன் எழ வேண்டும்.

இன்னொரு படிப்பினை பர்மாவுடையது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. இந்தியா, இலங்கை, மலாயா ஆகிய மூன்றும் பர்மா அரிசியை நம்பியிருந்தன. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றியதும் அவ்வரிசி நின்றது. மறு ஆண்டில் வங்காளத்தில் கொடிய பஞ்சம் மூண்டதற்கு இதுவும் ஒரு காரணம். போருக்குப் பின், 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின், பர்மாவின் ஏற்றுமதி சரிந்தது. அந்த இடத்தைத் தாய்லாந்து எடுத்துக்கொண்டது. வியட்நாமும் 1989 முதல் பெருமளவில் ஏற்றுமதியில் இறங்கியது. அரிசி கிடைக்காமல் அல்லல்பட்ட இலங்கை, 1952இல் சீனாவுடன் இரப்பருக்கு அரிசி என்ற உடன்படிக்கை செய்துகொண்டது. சந்தையில் ஒருவர் விட்ட இடம் காலியாக இருப்பதில்லை.

சுதந்திர இந்தியாவும் 1960களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கியிருந்தது. பசுமைப் புரட்சி அந்நிலையை மாற்றியது. இதில் நமக்கு மகிழ்ச்சி தரும் ஒரு செய்தி உண்டு. நம் வீடுகளில் சமைக்கும் பொன்னி அரிசியின் மூலம் மலேசியாவில் 1965இல் வெளியிடப்பட்ட மாசூரி நெல். அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டதே மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி. மலேசியாவிலிருந்து வந்த விதை இங்கே விளைந்து, அரிசியாக மீண்டும் மலேசியத் தமிழர் வீடுகளுக்குச் செல்கிறது.

கதவை அடைத்தால் என்ன நேரும்?

2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலக அரிசி விலை ஏறத் தொடங்கியதும், பாஸ்மதி அல்லாத அரிசி ஏற்றுமதியை இந்தியா தடுத்தது. வியட்நாமும் கட்டுப்பாடு விதித்தது. 2008 கோடையில் தாய்லாந்து அரிசி டன்னுக்கு 1000 டாலரை நெருங்கியது. அத்தடை 2011இல் நீங்கியபின் இந்தியா உலகின் முதல் அரிசி ஏற்றுமதி நாடாக உயர்ந்தது. மீண்டும் 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசிக்குத் தடை வந்தது. புழுங்கலரிசிக்கு அடுத்த மாதம் 20 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. பின்னர் அரசுகளின் வேண்டுகோளை ஏற்று ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 75,000 டன், சிங்கப்பூருக்கு 50,000 டன், மலேசியாவுக்கு 1,70,000 டன் என்று விலக்கு அளிக்கப்பட்டது. 2024 செப்டம்பர் இறுதியில்தான் வெள்ளையரிசித் தடை விலகியது.

உள்நாட்டில் விலை ஏறாமல் காப்பது அரசின் கடமை. அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் இரவோடு இரவாக வரும் தடையின் சுமையை யார் தாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். உயர்ந்த விலை கிடைக்கும் தருணத்தில் உழவர் அதை இழக்கிறார். ஒப்பந்தம் செய்த சிறு வணிகரின் சரக்கு துறைமுகத்தில் தேங்குகிறது. செனகலிலும் பெனினிலும் இந்திய அரிசியை நம்பியிருக்கும் ஏழையின் அடுப்பு அணைகிறது. அடுத்த முறை வாங்குபவர் வேறு நாட்டைத் தேடுகிறார்.

இங்கே சீராவிலிருந்து ஒரு நிகழ்வை நினைவுகூர்வது பொருத்தம். யமாமா பகுதியின் தலைவர் துமாமா இப்னு உதால் (ரலி) மதீனாவில் சிறைப்பட்டு, நபி (ஸல்) அவர்களின் கருணையால் எவ்வித ஈட்டுத்தொகையுமின்றி விடுவிக்கப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவினார். பின்பு மக்காவுக்கு உம்ரா சென்றபோது, நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கும்வரை யமாமாவிலிருந்து ஒரு மணி கோதுமைகூட உங்களுக்கு வராது என்று குறைஷிகளிடம் அறிவித்தார். அவ்வாறே தானியம் நின்றது. மக்கா தவித்தது. முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டிய அதே குறைஷிகள், உறவைச் சொல்லி நபி (ஸல்) அவர்களுக்கு மடல் எழுதினர். தானியத்தை அனுப்பிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் துமாமாவுக்குக் கட்டளையிட்டார்கள். பகைவனின் பசியைக்கூட ஆயுதமாக்க அவர்கள் விரும்பவில்லை.

அதே வேளையில் தன் நாட்டை மறந்து விற்பதும் மார்க்கம் காட்டும் வழியன்று. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை ஏற்று, செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமித்தார்கள். பஞ்சம் வந்தபோது எகிப்தியருக்கும் கிடைத்தது, கன்ஆனிலிருந்து வந்த அயலவருக்கும் தலைக்கு ஒரு ஒட்டகச் சுமை என்று அளவாகக் கிடைத்தது. முதலில் சேமிப்பு, பின் அளவான, நிறைவான விற்பனை. 1877இன் ஆட்சியாளரிடம் சேமிப்பு இல்லை. 2008இலும் 2023இலும் உலகம் கண்ட திடீர்த் தடைகளில் அயலவர் நம்பியிருக்கத்தக்க உறுதி இல்லை. சூரா யூசுஃபில் இரண்டும் சேர்ந்திருப்பதைக் காண்கிறோம்.

ஈரமான தானியக் குவியல்

நம் பகுதிக்கு வருவோம். நாமக்கல்லின் முட்டை வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறது. தேனியின் வாழை, திண்டுக்கல்லின் சின்ன வெங்காயம், முருங்கை ஆகியன கடல் கடக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து மரத்தோணிகள் காய்கறியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குச் சென்று வருகின்றன. கோச்சடைக்கு மேற்கே உள்ள சோழவந்தானின் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2022 மே முதல் அமீரகத்துடனான பொருளாதார உடன்படிக்கை நடைமுறையில் உள்ளது. வாய்ப்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

வாய்ப்பைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கையே. பாஸ்மதி நெல்லில் குலைநோய்க்குத் தெளிக்கும் ஒரு மருந்தின் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் வரம்பிட்டபோது, நம் ஏற்றுமதியாளர் பலர் அச்சந்தையை இழந்தனர். 2024 ஏப்ரலில் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகக் கூறி ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நடவடிக்கை எடுத்தன. ஒருவரின் அலட்சியம் ஒரு நாட்டின் பெயரைக் கறைப்படுத்துகிறது.

மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். பெட்டியின் மேலடுக்கில் நல்ல பழமும் கீழடுக்கில் அடிபட்ட பழமும் அடுக்குபவர் இந்நபிமொழியைத் தம் கிடங்குச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஹலால் என்ற முத்திரையும் இவ்வாறே. மலேசியா 1970களிலிருந்தே அதை அரசுப் பொறுப்பில் நடத்தி வருகிறது. இந்தோனேசியா 2014இல் இயற்றிய சட்டத்தின்படி உணவுக்கு ஹலால் சான்றைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. இச்சந்தைகளை நாம் இயல்பாகப் புரிந்துகொள்கிறோம் என்பது உண்மையே. முஸ்லிம் பெயர் மட்டும் சரக்கைத் தூய்மையாக்காது என்பதும் உண்மை.

ஃபிக்ஹு வகுத்த வழிகள்

இத்தொழிலில் இறங்குவோர் அறிய வேண்டிய சட்டங்கள் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, சந்தைக்கு வரும் சரக்கு வண்டிகளை வழியிலேயே மறித்து, விலை அறியாத உழவரிடம் குறைத்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்குபவருக்கு துபாய் விலை தெரியும், விற்கும் உழவருக்கு மாட்டுத்தாவணி விலைகூடத் தெரியாது என்ற நிலையில் நடக்கும் பேரம் இத்தடையின் உட்பொருளைத் தொடுகிறது. அன்றைய விலையை உழவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு வாங்குவதில்தான் பரகத் இருக்கிறது.

இரண்டாவது, மரத்தில் காய் பக்குவம் காணும் முன் அதை விற்பதற்கும் தடை உண்டு. பூ பூத்தவுடன் மாந்தோப்பின் காய்ப்பு முழுவதையும் விலை பேசி முடிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக உள்ளது. காற்றிலும் மழையிலும் பிஞ்சு உதிர்ந்தால் ஒருவர் பணம் காரணமின்றி மற்றவரிடம் போய்ச் சேரும்.

மூன்றாவது, அதற்கு மாற்றாக மார்க்கம் தந்த வழி ஸலம் எனும் முன்பண ஒப்பந்தம். மதீனத்து மக்கள் பேரீச்சம் பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அளவு, எடை, தவணை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள். இன்ன வகை அரிசி, இத்தனை டன், இன்ன தேதி என்று எழுதி, முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுத்தால், உழவர் வட்டிக் கடைக்குச் செல்லாமல் பயிர் செய்ய முடியும்.

நான்காவது, முதலீடு. வட்டியில்லாப் பங்கு வணிகத்தின் முன்மாதிரி அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலும் நபி (ஸல்) அவர்களின் உழைப்பும் இணைந்த சிரியா வணிகம். இரண்டு மூன்று குடும்பங்கள் முளாரபா அடிப்படையில், இலாபப் பங்கை முன்பே எழுதிக்கொண்டு தொடங்கலாம். வங்கிக் கடன் குறித்துத் தம் ஊர் ஆலிமிடம் ஆவணத்தைக் காட்டித் தெளிவு பெற்ற பின்னரே கையெழுத்திட வேண்டும்.

ஐந்தாவது, விளைச்சலின் ஸகாத். மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று. வணிகச் சரக்கின் ஸகாத் நாற்பதில் ஒன்று. தண்ணீருக்காகப் பட்ட பாட்டை ஷரீஅத் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ அரிசிக்குச் சில ஆயிரம் லிட்டர் நீர் செலவாகும் நிலையில், அரிசியை அனுப்பும்போது வைகையையும் சேர்த்தே அனுப்புகிறோம். கண்மாயைத் தூர்த்து மனை போட்டுவிட்டு ஏற்றுமதியைப் பற்றிக் கனவு காண்பதில் பொருளில்லை.

வளைகுடாவிலிருந்து திரும்பும் சகோதரர்களுக்கு நாம் சொல்வது இதுவே. இத்தொழிலில் தாராளமாக இறங்குங்கள். இது உங்கள் பாட்டனார்களின் தொழில். ஆனால் பெரும் சேமிப்பு முழுவதையும் ஒரே கப்பலில் ஏற்றாதீர்கள். அரசின் தடை எந்நாளும் வரலாம் என்று கணக்கிட்டு, ஒரே பொருளை நம்பாமல் தொடங்குங்கள். அரசின் ஏற்றுமதிக் குறியீட்டு எண், வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபெடாவின் பதிவு, ஆய்வகச் சான்று ஆகியவற்றைக் குறுக்கு வழியின்றிப் பெறுங்கள். சில பருவமேனும் ஒரு நேர்மையான வணிகரிடம் தொழில் பழகுங்கள். பெற்றோரும் மனைவியரும், வெளிநாட்டிலிருந்து வந்தவன் உடனே மாளிகை கட்டவேண்டும் என்று நெருக்காமல், இத்தொழில் வேர்விடச் சில ஆண்டு பொறுத்திருங்கள்.

மஅபரின் வணிகர்கள் விட்டுச் சென்றவற்றுள் பொன்னும் முத்தும் நம் கைக்கு வரவில்லை. அவர்களின் வாக்கை நம்பலாம் என்று அச்சேயிலும் கெடாவிலும் பெற்ற பெயர் மட்டும் நூற்றாண்டுகள் நின்றது. அந்தப் பெயரின் மேல்தான் பினாங்கின் பள்ளிவாசல் மினாராக்கள் எழுந்தன.

பசித்தவருக்கு உணவும் அஞ்சியவருக்கு அபயமும் அளிக்கும் வல்ல ரஹ்மான், நம் நிலத்திலும் நீரிலும் பரகத் செய்வானாக. நம் தராசுகளை நேராக்கி, நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, நம் கைகளைப் பிறர் பசி தீர்க்கும் கைகளாக்குவானாக. ஆமீன்.